கீபோர்டைக் கழட்டின மேதாவி

புனே

அன்புள்ள நைனாவுக்கு பூங்கொடி எழுதுறது. போன்ல பேசுனா உனக்குக் காதுல விழல, அதான் லெட்டர். உன் முட்டி வலி எப்படி கீது? அம்மா நல்லா கீதா? நான் நல்லா கீறேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் லேப்டாப்புல எதைத் திறந்தாலும் தானா கீழ ஓடிகினே இருந்துச்சு. ஆபீஸ்ல இதைப் பாக்குறதுக்குன்னே ஒரு மேதாவி கீறான். எழுந்து வந்து பாக்கல. அவன் சீட்டுல இருந்தே என் லேப்டாப்புக்குள்ள நுழைஞ்சு, "டிரைவர் கெட்டுப்போச்சு"ன்னான். உன்னை மாதிரி டிரைவர் இல்ல நைனா, கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யவைக்கிற சாஃப்ட்வேர். அந்த ரெண்டு டிரைவரையும் கழட்டிட்டு, "இப்ப யெஸ்ஸை கிளிக் பண்ணுங்க"ன்றான். எதால கிளிக் பண்றது, மூக்காலயா? இதுக்கு சம்பளம் வேற!

நானே அணைச்சுப் போட்டேன், டிரைவர் திரும்பி வந்துடுச்சு. ஆனா ஓட்டம் நிக்கல. ஊக்கால நோண்டிப் பாத்தா, கீழ இறக்குற பட்டனுக்கு அடியில காய்ஞ்ச சந்தனம், அதை எடுத்ததும் ஓட்டம் நின்னுடுச்சு. பூஜைக்கு நான் வச்ச பொட்டு! அந்த மேதாவிகிட்ட சொல்லல. தான்தான் சரிபண்ணதா பீத்திகினு கீறான்.

ஆபீஸ் போற கேப் வந்துடுச்சு, முடிச்சுக்கிறேன். திருப்போரூர் கோயில் சந்தனம் கொஞ்சம் அனுப்பு. உனக்கு வண்டி கீது, அம்மாவுக்கு கிரைண்டர் கீது. எனக்கு இந்த ஊர்ல பொட்டு வைக்க இந்த லேப்டாப் ஒண்ணுதான் நைனா.

பூங்கொடி