உன் வண்டிக்கு நான் கேட்ட தள்ளுபடி

ஷூ கம்பெனியின் செக்கிங் மேசைக்கு எதிர்ப்பக்கம் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சலிக்காத ஷமீம் அக்காவுக்கு,

உன் பையன் இம்ரானிடம் பேரம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். உன் வெள்ளைக் காரை நான்தான் வாங்கியிருக்கிறேன், முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்து. கேட்டால் நல்ல செய்தி மாதிரித்தான் இருக்கும். முழுவதும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு.

நீ போன சில மாதங்களில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். அந்த மூன்று நாளும் எனக்குச் சம்பளம் வெட்டு. முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் கால் நிற்காது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஆம்பூர் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போன மாதம் பள்ளிகொண்டா தாண்டியதும் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். யாரோ ஒரு அம்மா தண்ணீர் தெளித்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை அக்கா. அன்றைக்குத்தான் பி.எஃப். பணத்தை எடுத்துப் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதே, கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். "கிளட்ச்ச தையல் மிஷின் மாதிரி மிதிக்காதீங்கம்மா" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

முதலில் வேலூர் ரோட்டில் பழைய கார் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கையில் முழுக் காசு இருந்தால் விலை தானாக இறங்கும் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? உள்ளே நுழைந்ததுமே, "லோன் கீன் ஒண்ணும் வேணாம்பா, ஃபுல் கேஷ்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஆளின் முகம் சுருங்கிவிட்டது.

"லோன் போட்டீங்கன்னா அஞ்சாயிரம் கம்மி பண்ணித் தர்றேம்மா. எனக்கு ஃபைனான்ஸ்காரன் கமிஷன் தருவான். கேஷ்னா எனக்கு இன்னா கிடைக்கும், சொல்லுங்க?"

இப்படியும் ஒரு காலம். கடனில்லாமல் வருகிறவளுக்கு மரியாதை கிடையாது. நீ கூட இருந்திருந்தால் அவனோடு அரைமணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் அவன் கையாலேயே டீயும் வாங்கிக் குடித்திருப்பாய். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் இம்ரான் காரை விற்கிறான் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அவன் வேலை செய்யும் கம்பெனியில் ஆர்டர் கம்மியாகி, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாணியம்பாடியில் உன் வீட்டு வாசலில் இறங்கினேன். கைப்பையில் பணத்தோடு நம் டேபிளில் இருக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு தாளும் இருந்தது. தோலில் கீறல், தையல் விட்டது, பசை வழிந்தது என்று எங்கே குறை கண்டாலும் அம்பை ஒட்டியே பழகிய கை. கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க இந்தக் கைக்குத் தெரியாது.

இம்ரான் இரண்டு லட்சம் கேட்டான். வண்டியைப் பார்க்கிறேன் என்று சுற்றி வந்தேன். பம்பரில் உரசல், ஒரு அம்பு. கண்ணாடி ஓரம் விரிசல், ஒரு அம்பு. தேய்ந்த டயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு. சுற்றி முடித்தபோது பதினாலு ஒட்டியிருந்தேன். இம்ரான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க டேபிள்ல எத்தினி அம்பு வுழுந்தா ரிஜெக்ட் ஆன்ட்டி?"

"மூணு."

"இதுல பதினாலு கீது. அப்ப ரிஜெக்ட் பண்ணிட்டுப் போங்க. எதுக்கு வாங்கறீங்க?"

பாஸ், ரிஜெக்ட், இந்த இரண்டைத் தவிர நமக்கு என்ன தெரியும்? குறையும் சொல்ல வேண்டும், பிடித்திருக்கிறது என்பதையும் காட்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் வாங்கியும் ஆக வேண்டும். இந்த வித்தையை நீதான் வைத்திருந்தாய், போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டாய்.

ஒன்று அறுபது என்றேன். "அடிமாட்டு வெலைக்குக் கேக்கறீங்களே" என்றான். டயருக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து இருபதாயிரம் குறைத்தான். ஒன்று எண்பதில் வந்து நின்றுவிட்டான். பெயர் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட எல்லாம் போக ஒன்று எழுபதுக்கு மேல் என்னால் ஒரு ரூபாய் தர முடியாது. உன் பெயரைச் சொல்லிக் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவனே முந்திக்கொண்டான்.

"அம்மா இருந்தா உங்களுக்குச் சும்மாவே குடுத்திருப்பாங்க. நான் அம்மா இல்ல ஆன்ட்டி."

அதற்கப்புறம் நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

பின்கதவைத் திறந்தேன். பின்சீட்டில், இடது பக்கம், அந்தக் கறை இருக்கிறதே, அதன்மேல் பதினைந்தாவது அம்பை ஒட்டினேன்.

அது எப்படி வந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? உனக்குக் கீமோ முடிந்து, கூலிக்கு வந்த டிரைவர் ஓட்ட, இதே வண்டியில் வந்துகொண்டிருந்தோம். உனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். கவர் கிழிந்துவிட்டது. உன் உடம்பு போகிற போக்கை விட்டுவிட்டு, "சீட்டு பாழாயிடுச்சே, பையன் திட்டுவான்" என்று நீ அழுதாய். என் முந்தானையால்தான் துடைத்தேன்.

இம்ரான் குனிந்து அந்த அம்பைப் பார்த்தான்.

"அது இன்னா கறைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா ஒட்டறீங்க?"

"சீட்டு மாத்தணும்னா பத்தாயிரம் ஆவும்" என்றேன். என் குரல்தான். டேபிளில் பேசுகிற மாதிரியே ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

"சரி. ஒண்ணு எழுவது" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். உன் நோய்க்கு விலை போட்டுப் பத்தாயிரம் குறைத்துவிட்டேன் அக்கா. சீட்டை நான் மாற்றப் போவதுமில்லை. மாற்றக் காசு ஏது? அப்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, பஸ்ஸில் நிற்க வேண்டாம் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வெட்கம் எல்லாம் பணத்தைக் கொடுத்த பிறகுதான் வந்தது.

இம்ரான் பணத்தை வாங்கி எண்ணாமலே பீரோவில் வைத்தான். உன் மருமகள் சானியா டீ கொண்டுவந்தாள். அப்போதுதான் கவனித்தேன், எட்டு மாசம். அடுத்த மாசக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம். வேலூரில்தான் காட்டுகிறாள். பிரசவச் செலவுக்குத்தான் வண்டியை விற்றார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? உனக்குப் பேரப்பிள்ளை வரப் போகிறது. அதன் செலவுக் காசில்தான் நான் தள்ளுபடி வாங்கியிருக்கிறேன்.

டீயைக் கீழே வைத்தேன். பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கைப்பையைத் திறந்தேன். உள்ளே இன்சூரன்ஸ் பணம்தான் இருந்தது. திறந்த பையை மூடிவிட்டேன்.

"வலி எடுத்தா எப்பிடிம்மா போவ?" என்று சானியாவைக் கேட்டேன்.

"ஆட்டோல தான் ஆன்ட்டி."

"எனக்கு ஒரு போன் போடு. வண்டி எடுத்துக்கினு வர்றேன்."

சாவியைக் கொடுக்க வந்த இம்ரான் வாசற்படியில் நின்றான். "வாடகை எவ்ளோ ஆன்ட்டி? இப்பவே பேசிக்கலாமா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாவியை வாங்கிக்கொண்டு, முதல் கியரில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி நிறுத்தி, உன் தெருவை விட்டு வந்தேன். இன்று செவ்வாய். டயாலிசிஸ் முடிந்து இவர் வண்டியில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

இம்ரான் போன் பண்ண மாட்டான். உன் ரோஷம் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது. அதனால் அவன் கூப்பிடட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. தேதி நெருங்கும் வாரத்தில் தினமும் உன் வாசலில் வந்து நிற்பேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். டயாலிசிஸ் நாளாக இருந்தாலும் ஒரே ரோடுதானே? இவர் முன்னால் என் பக்கத்தில் உட்காரட்டும். பின்சீட்டில் உன் மருமகள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும். பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் நனைந்தாலும் நனையட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி