உன் நாடகத்தில் ஒரு தப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஆறவில்லை. இருமல் நின்றுவிட்டதாக எழுதச் சொன்னாள் உன் அம்மா. நிற்கவில்லை.

உன் நாடகத்தை அடுத்த மாதம் பெரிய அரங்கில் போடுவதாகவும், நாங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வருவதா, வேண்டாமா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்ன அரங்கில் போட்டபோதே, உன்னிடம் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டோம். கடையைப் பூட்டி, அம்மாவையும் கடை ஆட்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மகள் எழுதிய நாடகம் என்று பெருமையடித்துக் கூட்டிப்போனது நான்தான். மேடைக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். மகளின் பட்டமளிப்பு விழாவில் பேராசிரியரின் அங்கியைக் கசக்கிப் பார்த்து, "சார், இது கலப்பு நூல். உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். அரங்கமே சிரித்தது. துணி வெட்டும் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "முதலாளி, சத்தியமா இது நீங்க இல்ல" என்றார். அவரை யார் கேட்டது? "அப்படியே நீங்கதான், தொப்பைதான் கொஞ்சம் கம்மி" என்று வீடு வரும்வரை அம்மா சிரித்தாள்.

சிரிக்கட்டும். துணியைத் தொடாமல் எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த அங்கி கலப்பு நூல்தான், அதில் மாற்றமில்லை.

ஆனால் அடுத்த காட்சி? "யாருடி அவர்?" என்று தோழிகள் கேட்க, "எங்க வீட்டு டிரைவர்" என்கிறாள் மகள். அது காதில் விழாமல், உன் கடைக்காரர் திரைச்சீலையைத் தடவி இளித்துக்கொண்டு நிற்கிறார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பதை உள்ளிருந்தே கேட்டு விலை சொல்கிறவன் நான். நாலடி தள்ளி நின்று என் மகள் சொன்னது கேட்காதா? கேட்டது. அதனால்தான் பட்டமளிப்பு அன்றைக்கு உன் தோழிகள் பார்க்க, காரின் பின் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். நீயும் ஏறி உட்கார்ந்தாய்.

அந்தக் காட்சியைத் திருத்தம்மா. அந்த ஆளைப் பட்டிக்காட்டான் என்று காட்டு, கஞ்சன் என்று காட்டு. காது மட்டும் கேட்கட்டும். கேட்ட பிறகும் கதவைத் திறந்துவிட்டு நிற்கட்டும். அப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க நான் வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே. நன்றாக இருப்பாய்.

உன் அப்பா