மிச்சம் விழுந்த தண்ணீர் முறை

பக்கத்துக் காட்டில் யாரோ அரிவாள் தீட்டுகிறார்கள். அறுப்புக்குத்தான், தெரியும். தெரிந்தும் எழுந்து கதவைச் சாத்துகிறேன். நீ இருந்திருந்தால் நீயும் சாத்தியிருப்பாய்.

நம் பாலக்கோட்டுக் கிணறு மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் சமமாகத்தான் இருந்தது. என் சித்தப்பாவான உன் அப்பா தன் பங்கில் பாதியைப் பெரியப்பாவுக்கு விற்றார். அதன்பின் பெரியப்பாவுக்கு அரை, எங்களுக்கு மூன்றில் ஒன்று, உங்களுக்கு ஆறில் ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் எதையும் வீசக் கணக்கில், பதினாறில் ஒரு பங்காக, பிரித்தே பழகியவர்கள். தண்ணீரையும் பதினாறு முறையாக வைத்தார்கள். பெரியப்பாவுக்கு எட்டு, எங்களுக்கு ஐந்து, உங்களுக்கு இரண்டு. ஒரு முறை மிச்சம் விழுந்தது.

மழை பெய்த வருஷங்களில் அந்த மிச்சத்தை யாரும் சட்டை செய்யவில்லை. யுத்த காலத்தில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த அந்தக் கோடையில், கிணற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கேழ்வரகு கருகியது. அந்த மிச்ச முறைக்கு உன் அப்பாவும் என் அப்பாவும் வெட்டிக்கொள்வார்களோ என்று நாம் இருவரும் பயந்துகொண்டே பள்ளிக்கூடம் போவோம்.

அந்த வாரம்தான் வாத்தியார் பின்னக் கூட்டல் நடத்தினார். "பகுதி வேற வேறயா இருந்தா தொடாதீங்க. எல்லாத்துக்கும் பொதுவான சின்னப் பகுதியக் கண்டுபுடிங்க" என்றார். அவர் கொடுத்த கணக்கை நீ போடவில்லை. பலகையில் நம் கிணற்றை எழுதினாய்: அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. என் பக்கம் திரும்பினாய். "ஏ புள்ள, ஆறுன்னு வெச்சா மிச்சமே வுழுவுல" என்றாய்.

மறுநாள் காலை என் அப்பா தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிவிட்டார். சித்தப்பா அரிவாளோடு வந்தார்.

"அண்ணா, மாட்ட அவுத்து வுடு. இது என் மொறை."

"போன வாட்டி நீதானடா எறைச்ச?"

நான் வேலியோரமே நின்றுவிட்டேன். நீ ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஆறு கல்லை அடுக்கினாய். இரண்டு உருண்டோடின. அவற்றைத் தேடி எடுக்கும் வரை சித்தப்பாவின் அரிவாள் உன் தலைக்கு மேலேயே இருந்தது.

"பெரியப்பாவுக்கு மூணு, அவுங்களுக்கு ரெண்டு, நமக்கு ஒண்ணு. மிச்சமில்லீங்கப்பா."

"பொட்டப்புள்ள கணக்குக்கு நான் கட்டுப்படணுமா?"

சத்தம் கேட்டு வந்த பெரியப்பா குனிந்து கற்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "சரியாத்தான்டா இருக்குது. இன்னிக்கு ஒருத்தரும் எறைக்க வேணாம். நாளையிலருந்து ஆறு மொறை" என்றார். சித்தப்பா திரும்பி நடந்தார். அரிவாளை மட்டும் கீழே போடவில்லை.

அடி விழும் என்று நீ அன்றைக்கு உன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் மாட்டுக் கொட்டகையில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாய். "எங்கப்பன் வெட்டிப்புடும்னு பயந்தேன். கணக்கு தப்பாப் போயிருமோன்னு அதுக்கு மேல பயந்தேன்" என்றாய்.

அதன்பின் வெட்டு நடக்கவில்லை. ஆனாலும் சித்தப்பா முறைக்கு வரும் காலையெல்லாம் நாம் கையைக் கோத்துக்கொண்டு வேலியோரம் நின்றோம், உனக்குக் கல்யாணமாகும் வரை.

பக்கத்துக் காட்டில் இன்னும் தீட்டி முடிக்கவில்லை. அந்தப் பயத்தை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். நீ கண்ணை மூடிய பிறகு முழுசும் என்னிடம் இருக்கிறது.