எதிரணியில் உட்காரவைத்த தாடிக்காரர்

என்னங்க, வணக்கம். சாமி புண்ணியத்தில் நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா?

நம் வீட்டுக் கணக்குக்கு வைத்திருக்கிறோமே ஓர் இலவச மென்பொருள், அதைக் கூட்டாக எழுதும் எல்லோரும் இந்த மாநாட்டுக்கு வந்துவிட்டார்கள். விவாதங்களுக்கு ஏற்பாடு செய்வதுதான் எனக்குத் தந்த வேலை. "இதைத் தொடர்வதா, மூடிவிடுவதா?" என்பது நாளைய தலைப்பு. சண்டை வரக்கூடாதென்று, அவரவர் நம்புவதற்கு நேர் எதிராகத்தான் பேச வேண்டும் என்று விதி போட்டேன். அதனால் இதை முதன்முதலில் எழுதிய தாடிக்காரர் 'மூடிவிடலாம்' அணிக்குப் போனார்.

இன்றைய ஒத்திகையில், "இதை யார் பயன்படுத்துறாங்க? யாருக்காக எழுதறோம்?" என்று வெளுத்து வாங்கினார். கைதட்டினோம். இறங்கி வந்தவர், "அக்கா, பேசப் பேச எனக்கே சரின்னு பட்டுடுச்சு. நாளையோட விலகிக்கறேன்" என்கிறார்.

"அட கடவுளே, பேசத்தானே சொன்னேன்!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அறைக்கு வந்தால்தான் இதே யோசனை. அவர் போய்விட்டால் இதைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. நான் போட்ட விதியால் வந்த வினை.

ஓர் உதவி. நான் இல்லாததால் நீங்கள்தானே தினமும் அதில் கணக்கு எழுதுகிறீர்கள். இன்று எழுதும்போது வழக்கம்போல் அதைத் திட்டுவீர்களே, அதை அப்படியே போனில் பதிந்து அனுப்புங்கள். பயன்படுத்துகிறவர் குரலை அவர் காதால் கேட்கட்டும். அத்தையும் பக்கத்திலிருந்து ஏதாவது சொன்னால் நிறுத்த வேண்டாம். தாடிக்காரருக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் நான் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

கீழே கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி