மரச்சீவல் அட்டை

ஈரத்துணியை அட்டையின் உட்புறத்தில் வைத்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். காய்ந்து கிடந்த பசை இளகி, புளித்த மாவின் மணம் சமையலறை முழுக்கப் பரவியது. வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டைக் கையில் இருக்கும் அதே மணம். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். நீங்கள் எனக்குக் கட்டித் தந்த புத்தகத்தை நானே பிரிக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துன் நகரில் நீங்கள் வேலை செய்த புத்தகம் கட்டும் பட்டறைக்குப் பழைய அமெரிக்க பைபிள் ஒன்று திருத்த வந்ததே, ஒரு வாரம் வீட்டில் வேறு கதை இல்லை. அந்த நாட்டில் முதலில் புத்தகம் கட்டியவர்களுக்கு நல்ல அட்டை கிடைக்கவில்லையாம். மரத்தை மெல்லிசாகச் சீவி அட்டையாக்கினார்களாம். மலிவான ஆட்டுத்தோல்; முதுகில் நாலைந்து தோல்வார் போட்டுத் தாள்களைத் தைக்க வேண்டியதை இரண்டு வாரிலேயே முடித்தார்களாம். கழித்த கடதாசியைக்கூட எறியாமல் அட்டைக்குள் வைத்து ஒட்டினார்களாம்.

“எங்களைப் போல ஆக்கள்தான். இருக்கிறதை வைச்சு ஒப்பேத்தியிருக்கினம்” என்றீர்கள். உங்கள் பட்டறை முதலாளியைவிட அவர்களில்தான் உங்களுக்குப் பாசம் என்று நான் பகிடி பண்ணினேன்.

வன்னியிலிருந்து தம்பியின் கடைசிக் கடிதம் வந்தது அதற்கு முந்திய வருடம். எப்படியாவது கூப்பிடுங்கோ அக்கா என்று எழுதியிருந்தான். இங்கே இருப்பதற்கான எங்கள் பெர்மிட்டே அப்போது ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. சண்டை முடிந்தது. அவனும் வரவில்லை, அவனைப் பற்றிய ஒரு சேதியும் வரவில்லை. அந்த வரியைப் படித்துப் படித்துப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்த ஒருநாள், கடிதத்தை உங்கள் முன் வீசினேன்.

“இதை எங்கயாவது கொண்டுபோய் எறியுங்கோ. இனி என்ர கண்ணில படக்கூடாது.”

“ஓம்” என்று மட்டும் சொல்லி எடுத்துப் போனீர்கள்.

இரண்டு மாதம் கழித்து இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தீர்கள். மரச்சீவல் அட்டை, ஆட்டுத்தோல், இரண்டு வார், உள்ளே வெறும் தாள்கள். “வைச்சிரும். ஒருநாள் தேவைப்படும்” என்றீர்கள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

போன மாரியில் நீங்களும் என்னைத் தனியே விட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள். பிறகுதான் தம்பியின் குரல் எனக்கு மறந்துவிட்டது தெரிந்தது. கையெழுத்தையாவது ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நிலவறைக் கெல்லரில் இருந்த பெட்டிகள், உங்கள் கோட்டுப் பைகள் எல்லாம் கிளறினேன். கடைசியில் இந்தப் புத்தகத்தின் முன்னட்டையைத் தடவியபோது, உள்தாளுக்கு அடியில் ஒரு மேடு விரலில் தட்டுப்பட்டது. கடிதத்தை எறியாமல் உள்ளே வைத்து ஒட்டிவிட்டீர்கள் என்றே நம்பினேன்.

ஆனால் அவன் நீல மைப்பேனாவால் எழுதியவன். தண்ணீர் பட்டால் கரையும். மூன்று வாரம் புத்தகத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போகும் ஹோட்டலில் கட்டில் விரிக்கும்போதும் அதே நினைப்பு. இன்று லீவு. துணியை நன்றாகப் பிழிந்து வைத்தேன்.

உள்தாள் மெல்லக் கிளம்பியது. அடியில் ஜெர்மன் பேப்பர்த் துண்டு ஒன்று. வார இறுதியில் பனி கொட்டும் என்று போட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

சொன்ன சொல் தட்டாத மனுசன் என்று ஊரெல்லாம் உங்களைப் புகழ்ந்து திரிந்தவள் நான். அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டியிருக்கக் கூடாதா? உங்களில் கோபம் வருகிறது. எறியச் சொன்ன என் வாயை நினைத்தால் அதைவிடக் கோபம் வருகிறது. நீங்கள் கட்டியதையும் பாழாக்கிவிட்டேன்.

பின்னட்டையிலும் அதேபோல் ஒரு மேடு இருக்கிறது. துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்தேன். பிறகு, பின்னட்டையைப் பிரிக்காமலே, துணியைக் கொண்டுபோய்க் காயப்போட்டுவிட்டேன். புத்தகத்தைத் தலையணை உறையில் சுற்றி, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருக்கிறேன். தம்பியின் கடிதம் அதற்குள் இல்லை என்று இன்னும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.