செவலையின் கழுத்தில் கட்டியது

என்னங்க,

சோறு அனுப்ப வழியில்லை. ஊரைச் சுற்றிய முள்கம்பி கேட்டில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். கம்பிக்கு அடியில் நுழைந்து, காட்டில் ஒளிந்திருக்கும் உங்களைப் பார்த்துவிட்டு வர நம் நாய் செவலையால் மட்டும்தான் முடிகிறது.

நேற்று தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அதன் காதில் ரத்தம் குடித்து ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "இது காட்டு அட்டை லா. ஒன் நாய் தெனமும் யாரப் பாக்கப் போவுது?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

நாளைக் காலை லாபு முகாமிலிருந்து பட்டாளம் வருகிறது. செவலையை வெளியே விட்டு அதன் பின்னாலேயே வருவார்களாம்.

அதனால்தான் இன்றே அனுப்புகிறேன். திருப்பி அனுப்பாதீர்கள். அங்கே கட்டிப்போட்டாலும் ஊளையிட்டு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் நானே கத்தியை எடுத்தேன். விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது. எனக்குக் கை வரவில்லை.

உங்களிடம் பாராங் கத்தி இருக்கிறது.

என் பங்குக் கருவாட்டை அதற்குப் போட்டுவிட்டேன். பசியோடு வராது. இதைப் படிக்கும்போது உங்கள் கையை நக்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நக்கவிடுங்கள்.

கம்பிக்கு இந்தப் பக்கம்,
உங்கள் வீட்டுக்காரி