ரொட்டிக்கடை எங்கே இருக்கிறது?

புதன், இஷா தொழுதுவிட்டு வந்தபின்.

எனக்கு அரபி ஓதத் தெரியும், பேச வராது. அதனால் போனைப் பார்த்துத் தினம் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு, நீடாமங்கலத்தில் கடை திறக்குமுன், குவைத்திலிருக்கும் மகன் யாசீனுக்குப் பேசி அனுப்புகிறேன். அவனுக்கு லீவு தராத முதலாளியிடம் நானே நேரில் பேசிவிடுவேன் என்று ஒரு நினைப்பு. யாசீன் சிரித்துக்கொண்டே திருத்தி அனுப்புவான். "அத்தா, ரொட்டி கேக்குறீங்களா, குர்ஆன் ஓதுறீங்களா? இந்த இழுப்பு இழுக்குறீங்க" என்பான்.

நான்கு நாளாக அவன் சத்தமே இல்லை. நான் அனுப்புவதைக் கேட்டுவிட்டதாக நீலக்குறி மட்டும் விழுகிறது.

இன்று காலை, "ரொட்டிக்கடை எங்கே இருக்கிறது?" என்று அனுப்பினேன். வழக்கம்போலத் தப்பு. உடனே பதில் வந்தது. யாசீன் குரல் இல்லை. யாரோ வயதான ஆள், என் வாக்கியத்தைத் தப்பில்லாமல், நிதானமாக ஒரு தடவை சொன்னார். சிரிக்கவில்லை. வேறெதுவும் சொல்லவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

"புள்ள என்னங்க சொல்றான்?" என்று கேட்டாள் மனைவி.

"இன்னும் இழுக்குறேனாம்" என்றேன்.

ரொட்டிக்கடையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் மகனைப் போட்டு, அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பில்லாமல் வந்துவிட்டது. அனுப்பத்தான் கை வரவில்லை.